மாப்பிள்ளை படுத்த வைக்கோல்

மலைச்சரிவில் வைத்திருக்கும் கூண்டின் கதவு விழுந்தால் கூண்டம்மாவின் கைபேசி கத்தும். சாதாரணமாகக் கத்தாது, ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடும். அந்தச் சத்தத்தை அவளே தேடிப் பிடித்து வைத்தாள். அது கேட்ட பிறகு பல் துலக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, ஒரு வாய் டீ குடிக்கக் கூடாது, நேரே ஜீப்பில் ஏற வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். உள்ளே மாட்டிக்கொண்ட பிராணி பயந்து செத்துக்கொண்டிருக்கும்போது நமக்கு டீ ஒரு கேடா என்பாள். அவளோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இந்தச் சட்டம் மனப்பாடம். மீறியவர்களுக்கு அவள் வாயும் மனப்பாடம்.

அன்றைக்கும் பொழுது விடிந்தும் விடியாமலும் கைபேசி ஊளையிட்டது. வலது செருப்பு யாருடையது, இடது செருப்பு யாருடையது என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டு ஓடினாள். மேட்டின் பாதிவரைக்கும்தான் ஜீப் போகும். மீதியை ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி ஏறினாள். கூண்டின் பின்பக்கம் பொருத்தியிருந்த மரப்பெட்டியின் மூடியை ஒரு விரல் அளவு தூக்கி, உள்ளே டார்ச் அடித்தாள்.

உள்ளே மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

பயந்து செத்துக்கொண்டெல்லாம் இல்லை. வைத்த முட்டையைத் தின்று, கோழிக்கழுத்தைத் தின்று, வைக்கோலைக் காலால் இழுத்துக் குவித்து மெத்தை போட்டு, வாலை மூக்குமேல் போர்த்திக்கொண்டு அக்கடா என்று கிடந்தான். வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். மூடியைச் சாத்தும்மா, குளிருது என்று சொல்கிற பார்வை அது.

"அடப்பாவி, இன்னைக்கும் நீயாடா?" என்றாள் கூண்டம்மா.

"மாப்பிள்ளைங்களா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணன்.

"வேற யாரு? வந்தாரு, சாப்பிட்டாரு, படுத்துட்டாரு. எண்ணெய் தேய்ச்சு விடறது ஒண்ணுதான் பாக்கி."

மாப்பிள்ளை ஒரு மரநாய். பெயரில்தான் நாய். பார்த்தால் பூனையை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து நீட்டிய மாதிரி இருக்கும். பழுப்பு உடம்பு, தொண்டையில் மட்டும் மஞ்சள் திட்டு. அந்தத் திட்டு ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. மாப்பிள்ளையின் திட்டு, சட்டையில் குழம்பைச் சிந்திக்கொண்டவன் மாதிரி நெஞ்சுவரை வழிந்திருக்கும். இந்த வகை மரநாய் உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சமும் ஆள் கண்ணில் படாமல், மரத்துக்கு மரம் தாவி, இருட்டிலேயே காலம் தள்ளுகிறவை. இருபது வருஷம் மலையடிவாரத்தில் இருந்தும் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கூச்ச சுபாவமுள்ள இனத்தில் எப்படி இப்படி ஒரு வெட்கங்கெட்டவன் பிறந்தான் என்பது கூண்டம்மாவுக்குப் பெரிய புதிர். மற்ற மரநாய்களுக்கு ரேடியோ பட்டை கட்டினார்கள். இவனுக்குக் கட்டவில்லை. இவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கூண்டைத் திறந்து பார்த்தாலே போதும்.

கதவைத் திறந்துவிட்டாள். அவன் அவசரமே படாமல் வெளியே வந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கூண்டம்மா டிரைவர் கொண்டுவந்த கேனிலிருந்து கிருமிநாசினி கலந்த சோப்புத் தண்ணீரை ஊற்றி, கம்பி கம்பியாகத் தேய்த்துக் கழுவினாள். அவன் படுத்த வைக்கோலை ஒரு பையில் திணித்துக் கட்டி, எரிப்பதற்கு ஒதுக்கிவிட்டுப் புது வைக்கோல் போட்டாள். தேய்க்கிற வேகத்தில் பிரஷ் முடி கழன்று பறந்தது.

இத்தனை வயிற்றெரிச்சலும் மாப்பிள்ளை வந்ததற்காக இல்லை, வர வேண்டியவள் வராததற்காக.

அவளுக்கு இவர்கள் வைத்த பெயர் மகராசி. போன வருஷம் ஒரே ஒரு தடவை பிடிபட்டாள். அப்போது இன்னும் முழுசாக வளராத இளசு. கூண்டம்மாதான் தன் கையால் அவள் கழுத்தில் பட்டையைக் கட்டினாள். இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் விட்டுத்தான் கட்டினாள். பட்டையின் இரண்டு முனையும் சேர்கிற இடம் பருத்தி நூலால் தைத்தது. வெயிலிலும் மழையிலும் நூல் இற்றுப்போய், பிராணி வளர்ந்து கழுத்து பருப்பதற்குள் பட்டை தானாக அறுந்து விழுந்துவிடும். அப்படித்தான் விற்றவர்கள் சொன்னார்கள். அதை நம்பிக் கூண்டம்மாவும் எல்லோருக்கும் சொன்னாள்.

விழவில்லை. ரேடியோவின் பேட்டரி செத்துப்போனது, பட்டை மட்டும் அப்படியே இருந்தது. ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம்தான் மகராசி அக்கரைக்குப் போகும் பாலம். அங்கே கட்டியிருந்த தானியங்கிக் கேமராவில் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு படம் விழுந்தது. பட்டையைச் சுற்றி முடி கொட்டி, தோல் சிவந்து, ஒரு பக்கம் சதை தெரிந்தது. மரநாய்த் திட்டத்தின் கால்நடை மருத்துவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னப் பையன்தான், ஆனாலும் அலட்டிக்கொள்ளாதவன்.

"அக்கா, மழை பிடிக்கறதுக்குள்ள பட்டையை எடுத்துடணும். மழை வந்தா ஈ மொய்க்கும், புழு வச்சிடும். அதுக்கு அப்புறம் நான் என்ன பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை."

வானம் அப்போதே மூடத் தொடங்கியிருந்தது.

கூண்டம்மா விலங்கியல் படித்தவள். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை தானியக் கிடங்கில் எலி பிடிப்பது. அங்கிருந்து காட்டுக்கு வந்தபோது கையில் கொடுத்தது முழுக்க முழுக்க இரும்புக் கம்பியால் ஆன கூண்டு. அதில் மாட்டிய முதல் மரநாய் கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் உடைந்து, வாயெல்லாம் ரத்தமாக நின்றது. அன்றைக்கு அவளுக்கு மூக்குக்கு மேல் வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. கம்பிக்குப் பின்னால் இருட்டான மரப்பெட்டியைச் சேர்த்தவள் அவள்தான். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் கம்பியைக் கடிக்க மாட்டேன் என்கிறது. கதவு வாலை நசுக்காமலிருக்க விளிம்பில் கம்பளித் துணி, படுக்க வைக்கோல், மேலே மழைக்கு ஒரு கூரை, கதவு விழுந்ததும் தகவல் வர ஒரு கருவி. ஒவ்வொன்றுக்கும் யாரோடாவது சண்டை போட்டிருக்கிறாள். கழுவுகிற சட்டமும் அவளுடையதுதான். வேறொரு காட்டில் கூண்டைக் கழுவாமல் விட்டதில் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குச் சொறி பரவி, பாதிக் கூட்டத்தைத் தின்றுவிட்டது என்று கேள்விப்பட்ட நாளில் போட்டாள்.

இப்படிச் செய்து செய்து, கடைசியில் கூண்டு கூண்டாக இல்லாமல் விடுதியாகப் போய்விட்டது. சாப்பாடு இலவசம், மெத்தை இலவசம், காலையில் எழுப்பிவிட ஆள் உண்டு. மாப்பிள்ளை விடுவானா?

அவனை ஜீப்பில் ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டே நாளில் திரும்பி வந்து படுத்திருந்தான். பக்கத்தில் இன்னொரு கூண்டு வைத்தார்கள். அதில் முள்ளம்பன்றி புகுந்து வைக்கோலையெல்லாம் வாரி இறைத்துவிட்டுப் போனது. மூன்றாவது கூண்டில் அடிவாரத்து டீக்கடைப் பூனை. கடைக்காரர் வந்து, என் பூனையை எதுக்குங்க ஆராய்ச்சி பண்றீங்க என்று ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

மகராசி வராமலில்லை, அதுதான் கொடுமை. கூண்டருகே வைத்த கேமராவில் பார்த்தால் மாப்பிள்ளைக்கு முன்னாலேயே அவள் வந்திருப்பாள். மரப்பாலத்தில் நடந்து வருவாள், கூண்டுக்கு முன்னால் நிற்பாள், தலையை உள்ளே நீட்டுவாள். நீட்டியதும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்குவாள். நின்று கழுத்தைச் சொறியப் பார்ப்பாள், பட்டைக்குள் நகம் போகாது. பிறகு கம்பி நீட்டிவிடுவாள். கூண்டம்மா முட்டையை மாற்றினாள், மீனை வைத்தாள், பழக்கூழ் தடவினாள், தேன் சொட்டவிட்டாள். அத்தனையையும் மாப்பிள்ளை ருசித்துச் சாப்பிட்டான்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. அது அவளுடைய அம்மாவின் வீடு. கல்யாணம் ஆனதும் கணவர் தையல் இயந்திரத்தோடு அங்கேயே வந்து சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர், அதிர்ந்து பேசாதவர். அம்மாவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. இருவருக்கும் நடுவில் கூண்டம்மாதான் மருமகள் மாதிரி இருந்தாள்.

"ஃப்ரிட்ஜைத் திறந்தா மீன் எண்ணெய் நாத்தம் குடலைப் பிடுங்குது," என்றாள் அம்மா. "இதுல பாலை எங்கடி வைக்கறது?"

கூண்டம்மா பதில் சொல்வதற்குள் மருத்துவர் அழைத்தார். அவள் கைபேசியில் கத்தினாள். "இன்னைக்கும் மாப்பிள்ளைதான் வந்து கொட்டிக்கிட்டு தூங்கறான். மானம் ரோஷம் ஏதாவது இருந்தா தினம் வருவானா?"

சமையலறையில் சத்தம் நின்றது. தையல் இயந்திரமும் நின்றது. அவள் பேசி முடித்ததும் அம்மா கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்த மிருகத்துக்கு வேற பேரே கிடைக்கலையா? உள்ள அவர் உட்கார்ந்திருக்கார்."

"நான் வெச்ச பேர் இல்லைம்மா, டிரைவர் வெச்சது."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்று உள்ளேயிருந்து வந்தது கணவரின் குரல். "நான் தினமும் சாப்பிட்டுட்டுத் தையலாவது தைக்கறேன்."

இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. கூண்டம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். திட்டத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் காட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவை, புகைப்படக்காரரோடு வருகிறவர்.

"மயக்க ஊசியைத் துப்பாக்கியில வெச்சு சுட்டா என்ன? யானைக்கே பண்றாங்களே," என்றார்.

"சார், யானை யானை. இது ஒன்றரைக் கிலோ. அந்த ஊசி பட்டா எலும்பே நொறுங்கிடும்."

"வலை வீசலாமே?" என்றார் கணக்காளர்.

"மரத்து உச்சியில வீசுவீங்களா? நீங்க ஏறுங்க, நான் கீழ பிடிச்சுக்கறேன்."

"கோபப்படாதீங்க மேடம். ஒரு யோசனைதானே."

"யோசனைக்குப் பஞ்சமே இல்லை சார். ஆளாளுக்குச் சொல்றீங்க. இசை போட்டுப் பாருங்கன்னு போன வாரம் ஒருத்தர் சொன்னாரு. எதுக்கு, தாலாட்டுக்கா? ஏற்கெனவே ஒருத்தன் நல்லாத்தான் தூங்கறான்."

மருத்துவர் சிரிப்பை அடக்க மேசையைப் பார்த்தார். தலைவர் தொண்டையைக் கனைத்தார். இந்த வாரம் நானே காட்டுக்கு வந்து பார்க்கிறேன், அப்புறமும் சரிவரவில்லை என்றால் மகராசியைக் கைவிட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்போம் என்றார். கைவிடுவது என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் கூண்டம்மாவைச் சுட்டது. கழுத்தில் கட்டியவள் அவள். அவிழ்க்காமல் எப்படிக் கைவிடுவது?

தலைவர் வருகிற நாள் காலையிலும் கைபேசி ஊளையிட்டது, அன்றைக்கும் மாப்பிள்ளைதான். அவனை வெளியே விட்டுவிட்டுக் கூண்டைக் கழுவலாம் என்று கேனைத் தூக்கினாள். காலியாக இருந்தது.

"அண்ணா, தண்ணி எங்கே?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "தலைவர் வர்றாருன்னு வண்டியைக் கழுவினேன்ம்மா. சோப்பு நல்லா நுரைச்சுது."

"கூண்டு கழுவற தண்ணியிலயா வண்டி கழுவினீங்க?"

"வண்டி ரொம்ப அழுக்கா இருந்துச்சும்மா."

கூண்டம்மா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். வண்டியைச் சொன்னாள், தலைவரைச் சொன்னாள், நூல் தைத்துக் கொடுத்தவனைச் சொன்னாள், மழையைச் சொன்னாள். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், காலிக் கேனை உதைத்தாள். அது மேட்டிலிருந்து உருண்டு ஓடைக்குள் விழுந்தது. அதுவும் போச்சு.

"போய்த் தண்ணி கொண்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். எப்படியும் இதே தடியன்தானே வந்து படுக்கப் போறான். அவன் அழுக்கு அவனுக்கு. கிடக்கட்டும்."

அவன் படுத்துக் கசக்கிய வைக்கோலைக்கூட மாற்றவில்லை. அவனுடைய முடியும் வாடையும் உமிழ்நீரும் ஒட்டிய பெட்டிக்குள் ஒரு முட்டையை உருட்டிவிட்டுக் கதவைத் தூக்கி மாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் கழுவாமல் வைத்த முதல் கூண்டு அதுதான். தலைவர் வந்தார், மரப்பாலத்தின் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார், போனார். சாயங்காலம் முதல் தூறல் போட்டது.

அடுத்த நாள் விடியும்போது கைபேசி கத்தியது. கூண்டம்மா அதை எடுத்து, கத்தலை நிறுத்தி, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள்.

கணவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "கதவு விழுந்துடுச்சு போல இருக்கே?"

"விழட்டும். அவருக்கு இப்பதான் நல்ல தூக்கம் பிடிச்சிருக்கும்."

"சத்தம் கேட்டா டீ கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"சட்டம் பயந்து கிடக்கற பிராணிக்கு. குறட்டை விடறதுக்கு இல்லை."

"போய்ப் பாரேன்," என்றார் அவர்.

"அதான் அவர் சொல்றார் இல்ல, போயேண்டி," என்றாள் எழுந்து வந்த அம்மா.

அவர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னதாலேயே கூண்டம்மா நிதானமாக உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், தலை வாரினாள். டிரைவரும் அன்றைக்கு ஜீப்பை மெதுவாகத்தான் ஓட்டினார்.

மேட்டில் ஏறி, பெட்டியின்மேல் விரலால் தட்டினாள். "எழுந்திருங்க மாப்பிள்ளை, விடிஞ்சுடுச்சு."

உள்ளேயிருந்து கெட்டித் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு உறுமல் வந்தது. மாப்பிள்ளை ஒருநாளும் உறுமியதில்லை.

மூடியை ஒரு விரல் அளவு தூக்கினாள். மூலையில் ஒடுங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு, கண்ணில் தீயோடு மகராசி நின்றாள். பட்டையின் விளிம்பு சதைக்குள் பதிந்திருந்தது. பெட்டியின் பலகையை நகத்தால் பிராண்டியிருந்தாள். சிராய்கள் வைக்கோலில் உதிர்ந்து கிடந்தன.

கூண்டம்மா மூடியைச் சாத்திவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் எவளுக்காகச் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடினாளோ, அவள் வந்து காத்திருந்த நேரத்தில் தான் தலை வாரிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

"அம்மா, யாரு?" என்று கேட்டார் டிரைவர்.

"பேசாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. பறந்து வரச் சொல்லுங்க."

மருத்துவர் வரும்வரை பெட்டியின்மேல் தன் சால்வையைப் போட்டு மூடி, எட்ட நின்று, மூச்சுவிடக்கூட யோசித்தாள். அவர் வந்ததும் கணவர் தைத்துக் கொடுத்திருந்த துணிக் கூம்பை எடுத்தாள். சீருடை நீலத்தில் தடித்த துணி, ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். அகலமான வாயைப் பெட்டியின் கதவில் பொருத்திக் கதவைத் தூக்கியதும், இருட்டுப் பொந்து என்று நினைத்து மகராசி உள்ளே பாய்ந்தாள். குறுகிய முனையில் தலை வந்து நின்றது. முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது, ஆனால் எங்கேயும் வலிக்காது. மருத்துவர் துணிக்கு மேலேயே தொடையில் ஊசி போட்டார். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

பட்டையைக் கூண்டம்மாவே வெட்டினாள். கட்டிய கைதான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாகக் கத்தரியை வாங்கிக்கொண்டாள். சதையிலிருந்து அது பிரிந்தபோது வந்த நாற்றத்தில் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஈ முட்டை வெச்சிருக்கு," என்றார் மருத்துவர், பஞ்சால் துடைத்துக்கொண்டே. "பொரிக்கலை. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா முடிஞ்சிருக்கும்."

புண்ணைக் கழுவி மருந்து போட்டு, மறுபடி பெட்டிக்குள் வைத்து, நன்றாகத் தெளியும்வரை காத்திருந்தார்கள். மதியத்துக்குமேல் கதவைத் திறந்தார்கள். மகராசி அம்பாகப் பாய்ந்து மரப்பாலத்தில் ஏறினாள். நடுவில் போனதும் என்ன நினைத்தாளோ, நின்றாள். பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தாள். காதோரமும் தாடைக்கடியிலும், பட்டை இருந்த இடத்துக்கு மேலும் கீழுமாக, கண்ணை மூடிக்கொண்டு, ஆள் நிற்பதைக்கூட மறந்து சொறிந்தாள். ஒரு வருஷத்து அரிப்பு. பிறகு மரத்தில் தாவி மறைந்தாள்.

கூண்டம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் பார்க்கிறாரே என்று அவருக்கும் சேர்த்து ஒரு திட்டு விட்டாள்.

கேமராப் படத்தை அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். மகராசி வழக்கம்போல வந்து தலையை நீட்டுகிறாள். மூக்கைச் சுருக்கவில்லை. கம்பியை மோந்தாள், தாடையை அதில் தேய்த்தாள், நேரே உள்ளே போய்விட்டாள். கதவு விழுந்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வருகிறான். தன் அறையில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்து, பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடக்கிறான். கூரைமேல் ஏறி, மழையில் நனைந்துகொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கூண்டம்மா பழைய படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது. அவள் போட்டுப் போட்டுத் தேய்த்த சோப்பு வாடைக்குத்தான் மகராசி ஒவ்வொரு நாளும் மூக்கைச் சுருக்கினாள். தன் இனத்தில் ஒருவன் உள்ளே படுத்து நிம்மதியாகத் தூங்கி எழுந்து போயிருக்கிறான் என்று அந்த வைக்கோல் சொன்ன பிறகுதான் காலை வைத்தாள். அந்தச் சாட்சியைத்தான் கூண்டம்மா தினமும் பையில் கட்டி எரித்துக்கொண்டிருந்தாள்.

"நாமளே கெடுத்தோமே டாக்டர்," என்றாள்.

"சொறி பயம் நிஜம்தானே அக்கா. நீங்க கழுவினது தப்பில்லை. மாப்பிள்ளையை நான் சோதிச்சுட்டேன், அவன் உடம்புல ஒரு குறையும் இல்லை. கூண்டை வெறும் வெந்நீர்ல கழுவலாம், அவன் வைக்கோலை மட்டும் மறுபடி போடலாம்."

அன்று சாயங்காலம் பட்டையைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இற்றுப்போக வேண்டிய தையலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து ஒரு இழையைப் பிரித்து, அடுப்புத் தீயில் காட்டினாள். தையற்காரர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக வேண்டும். இது சுருங்கியது, உருகியது, பிளாஸ்டிக் நாற்றத்தோடு கறுப்பு மணியாக உருண்டது. மணியை விரலில் நசுக்கினாள், கல்லாக இருந்தது.

கணவர் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"நைலான்," என்றாள் அவள். "இது பத்து வருஷம் ஆனாலும் விழாது."

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் கழுத்துல இருக்கு?"

"மூணு பேர்." பட்டையை மேசைமேல் வைத்தாள். "எல்லாரும் இளசு. எல்லாத்தையும் நான்தாங்க கட்டினேன்."

அம்மா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வெளியே மழை வலுத்தது.

விடியற்காலையில் கைபேசி ஊளையிட்டது. டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. கூண்டம்மா செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, மழையிலேயே ஓடினாள். வழுக்கி விழுந்து முழங்காலெல்லாம் சேறாக ஏறிப்போய் மூடியைத் தூக்கினாள். முட்டையைத் தின்றுவிட்டு, வாலை மூக்குமேல் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை.

கதவைத் திறந்துவிட்டாள். அவன் சோம்பல் முறித்துக்கொண்டு போனான். டிரைவர் புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்தார்.

"முந்தாநாள் தண்ணி இல்லைன்னு திட்டினீங்க இல்ல, இன்னைக்கு நல்லா நுரைக்கக் கலக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். கழுவிடட்டுமா?"

"தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்."

அவர் கேனோடு நின்ற இடத்தில் நின்றார். கூண்டம்மா பெட்டிக்குள் குனிந்து, இன்னும் சூடு ஆறாத வைக்கோலை இரண்டு கையாலும் சிந்தாமல் வாரினாள். மூன்று பைகளில் சமமாகப் பிரித்துப் போட்டு, மழை படாமல் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். மிச்சத்தைப் பெட்டியிலேயே பரப்பி, ஒன்றுக்கு இரண்டாக முட்டை வைத்தாள். பிறகு அவன் போன திசையைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கும் சீக்கிரம் வந்துடுங்க மாப்பிள்ளை. நல்லா தூங்குங்க."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பது டிரைவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.